நொச்சிவலசிலிருந்து சும்மா போனவள்

காரணத்தோடு புறப்பட்டவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த, காரணம் இல்லாமல் புறப்பட்டவர்கள் எல்லாம் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்த ஒரு காலம் நொச்சிவலசில் இருந்தது. உள்ளூர் இளைஞர்கள் சிலர் வாடகை வேன் பிடித்துக் கொடைக்கானலுக்குக் கிளம்பிய ஓர் ஆடி மாதக் காலையில் அது தொடங்கியது. வேன் ஊருக்குக் கிழக்கே இருக்கும் வாய்க்கால் பாலத்தைத் தாண்டியது. தாண்டிய அதே கணத்தில் ஊருக்கு மேற்கே இருக்கும் அரிசி ஆலையைக் கடந்து, கோழிகளை விரட்டிக்கொண்டு, ஊருக்குள் வந்தது. டிரைவர் தான் எங்கோ தப்பாகத் திருப்பிவிட்டதாக நினைத்து, ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி பாலம் ஏறினார். மறுபடி அரிசி ஆலை, மறுபடி அதே கோழிகள். அடுத்த முறை கோழிகளே ஒதுங்கி நின்று வழி விட்டன.

ஊர் இதற்காகப் பெரிதாக வியக்கவில்லை. வலசை என்றால் இடம்பெயர்வது. அப்படி எங்கிருந்தோ இடம்பெயர்ந்து வந்து உட்கார்ந்தவர்களின் ஊர்தான் வலசு என்று பெயர் வாங்கும். பெயரிலேயே ஒரு முழுப் பயணத்தை வைத்திருக்கிற ஊர், பாட்டன் முப்பாட்டன் நடந்த நடையே போதும், இனி நடக்க என்ன இருக்கிறது என்று நினைப்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆகவே நொச்சிவலசுக்காரர்கள் பாலத்தை வையவில்லை, பூசாரியைக் கூப்பிட்டுக் குறி கேட்கவும் இல்லை. விதி என்ன என்பதை மட்டும் கவனித்தார்கள், அது ஆடி முடிவதற்குள் பிடிபட்டுவிட்டது. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் போனார்கள். சாவுக்குப் போகிறவர்கள் போனார்கள். வேலைக்கும் கோர்ட்டுக்கும் பரீட்சைக்கும் சந்தைக்கும் கிடாவெட்டுக்கும், பல் பிடுங்கிக்கொள்ளவும் போகிறவர்கள் எல்லாம் போனார்கள். எதற்குப் போகிறாய் என்று கேட்டால் சும்மா என்று சொல்லக்கூடியவர்கள் மட்டும் அரிசி ஆலைப் பக்கமாக வந்து இறங்கினார்கள். வாயால் சொல்ல வேண்டும் என்பதில்லை, நெஞ்சில் சும்மா இருந்தாலே பாலத்துக்குத் தெரிந்துவிட்டது.

சாலையைப் பார்வையிட அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவர் வேலையாக வந்தவர் என்பதால் பாலத்தில் எந்தச் சிக்கலும் இல்லாமல் வந்தார், போனார், சந்தேகம் தீர மறுபடி வந்து மறுபடி போனார், சாலையில் குறையொன்றும் காணோம் என்று எழுதிவிட்டார். அவர் எழுதியது உண்மைதான்.

கொள்முதலுக்குப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிய ஜவுளிக்காரர் ஒருவர், சென்ட் மணக்க, கூலிங் கிளாஸோடு, கால்மணி நேரத்தில் மேற்கிலிருந்து வந்து சேர்ந்தபோது, அந்த அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய கூலிங் கிளாஸைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். அன்றிலிருந்து ஊரில் கணவன்மார் பொய் சொல்வது பாதியாகக் குறைந்தது. கல்யாணத் தரகர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். நொச்சிவலசுப் பெண் என்றால் சும்மா எங்கேயும் போகாத பெண், போக நினைத்தாலும் போகமுடியாத பெண் என்று அவர்கள் அக்கம்பக்கத்து ஊர்களில் சொல்லப்போய், நல்ல இடங்களிலிருந்து ஜாதகம் கேட்டு வந்தார்கள். டீக்கடை சென்னியப்பன், பஸ் நிற்கும் இடத்தில் இருந்த தன் கடையைப் பெயர்த்து அரிசி ஆலைக்கு எதிரே போட்டார். போய்ச் சேர்ந்தவனைவிடத் திரும்பி வந்தவனுக்குத்தான் தாகம் அதிகம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

பஸ்ஸில்தான் தகராறு வந்தது. உள்ளே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஒரே ஒருவர் சும்மா வந்தாலும் பஸ் மொத்தமும் திரும்பிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், கம்பெனிக்குப் போகிறவர், கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகிறவள் எல்லாரும் அந்த ஒருவருக்காக அரிசி ஆலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டிவரும். ஆகவே கண்டக்டர் சேமலை டிக்கெட் கொடுப்பதற்கு முன்னால் காரணம் கேட்கத் தொடங்கினார். முதலில் கூச்சத்தோடு கேட்டார், பிறகு பழக்கத்தில் கேட்டார், கடைசியில் அதிகாரத்தோடு கேட்டார். பாலம் தானாகச் செய்துகொண்டிருந்த வேலையை இப்படி ஊர் தன் கையில் எடுத்துக்கொண்டது. யார் எங்கே எதற்குப் போகிறார்கள் என்பது பஸ்ஸில் எல்லார் காதிலும் விழுந்ததால், பஸ் நொச்சிவலசின் செய்தித்தாளாகவும் ஆனது.

ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் வழி கண்டுபிடிக்காமலும் இல்லை. சென்னியப்பனின் கடையில் ஒரு கட்டுக் கல்யாணப் பத்திரிகை இருந்தது, எந்தெந்த ஊரிலோ நடக்கப்போகும் யார் யாருடைய கல்யாணமோ. ஊட்டி பார்க்க வேண்டுமா, ஊட்டியில் நடக்கும் கல்யாணத்துக்கு ஒரு பத்திரிகையை எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் பாலம் ஏமாறுகிற பாலம் அல்ல. நிஜமாகவே அந்தக் கல்யாணத்துக்குப் போவது என்று நெஞ்சில் இருந்தால்தான் விடும். போனால் முன்பின் தெரியாத மாப்பிள்ளைக்கு மொய் வைக்க வேண்டும், பந்தியில் யார் நீங்கள் என்று கேட்டால் முழிக்க வேண்டும். கோயில் என்று போனால் உண்டியல், நேர்த்தி என்று போனால் மொட்டை, ஆஸ்பத்திரி என்று போனால் அதற்குமேல் சொல்லவே வேண்டாம். காரணம் என்பது செலவு வைக்கிற பொருள் என்று ஊர் தெரிந்துகொண்டது. பயணங்களிலேயே மலிவானது சும்மா போவதுதான், அதற்குத்தான் வழியில்லை.

கோகிலவாணி சும்மா போக ஆசைப்பட்டாள்.

அவள் கரூர்ப் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். வெளிநாட்டுக்காரர்கள் கடற்கரை மணலில் விரித்துப் படுக்கிற பெரிய துண்டுகள் அவள் கையில் வரும். நூல் பிசிறு, சாயத் திட்டு, ஓரத் தையல் கோணல் என்று பார்த்துப் பார்த்து மடித்து அடுக்குவாள். கோடு போட்டது, ஆமை போட்டது, தென்னைமரம் போட்டது, கடலே போட்டது. இத்தனை துண்டு மடித்த பெண் கடலைப் பார்த்ததில்லை. ஒரு வருஷம் ஆர்டர் நின்றுபோய், கம்பெனி இரண்டு வாரம் கதவைச் சாத்தியது. தையல் கோணிப்போய்க் கழித்துப்போட்ட நீலத் துண்டு ஒன்றை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள், வந்த அன்றே திட்டம் போட்டாள்.

திட்டம் எளிமையானது. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. ஒரு டவுன் பஸ் எந்த ஊரில் கொண்டுபோய் விடுகிறதோ அந்த ஊரிலிருந்து அடுத்த டவுன் பஸ் கிளம்பும். கரூர், குளித்தலை, திருச்சி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை என்று காவிரி போகிற வழியே பஸ் மாறி பஸ் மாறிப் போனால், ஆறு கடலில் கலக்கிற இடத்தில் தானும் போய் நிற்கலாம். மெதுவாகத்தான் போகும், ஆறும் மெதுவாகத்தான் போகிறது. கெடாமல் இருக்கப் புளிச்சோறு, கொறிக்கக் கடலை மிட்டாய், ராத்திரிக்குப் பெண்கள் விடுதிகளில் நாள் வாடகைக்கு ஒரு கட்டில், மணலில் விரிக்க இந்தத் துண்டு. அங்கே போய் என்ன செய்வாய் என்று கூட வேலை செய்த பெண்கள் கேட்டபோது, படுத்திருப்பேன் என்றாள். படுத்து? கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் படுப்பேன் என்றாள்.

முதல் நாள் சேமலை அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் கம்பெனிக்குப் போகிற பெண் கம்பெனிக்குத்தான் போகும் என்று நினைத்து, விலை இல்லாத சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பஸ் பாலத்தில் ஏறியது, அரிசி ஆலையில் இறங்கியது.  பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வந்து, எல்லாருடைய பார்வையும் நீலத் துண்டு துருத்திக்கொண்டிருந்த பையில் போய் நின்றது. வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து, ஓசி டிக்கெட்டில் ஊர் சுற்ற ஒருத்தி கிளம்பினால் ஊரே திரும்பி வரவேண்டுமா என்று கேட்டார். பின்சீட்டிலிருந்து யாரோ, காசு போட்டு ஏறுகிறவன்தான் கர்மத்தையும் சேர்த்துச் சுமக்கிறான் என்றார்கள். கோகிலவாணி இறங்கும்போது பெரியவரிடம் மட்டும், உங்க நேரத்தைக் கெடுத்தது தப்புதானுங்க, ஆனா நான் போறது தப்பில்லீங்க என்று சொன்னாள். அடுத்த நாள் சேமலை அவளைப் படியிலேயே நிறுத்தினார்.

அவளுடைய அம்மா மயிலாத்தாள் பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். காலையில் போய்ச் சோறு வடித்து, குழம்பு கூட்டி, முட்டை உரித்து, பாத்திரம் கழுவிவிட்டு வருகிறவள். வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் இருக்கிற வேப்பமரங்கள் தவிர வேறு ஊர் அறியாதவள். அவளுடைய புருஷன் லாரி ஓட்டினார். நாக்பூர், குவாஹாத்தி, சூரத் என்று எல்லா ஊருக்கும் லோடு ஏற்றிக்கொண்டு காரணத்தோடு போய், காரணத்தோடு வந்துகொண்டிருந்தவர், கோகிலவாணி பள்ளிக்கூடத்தில் இருந்தபோது ஒரு லோடோடு போய் வராமல் போனார். சோலாப்பூர்ப் பக்கம் விபத்து என்று தகவல் வந்தது. ஆகவே மகள் ஊர் ஊராகப் பஸ் மாறிப் போவது பற்றி மயிலாத்தாளுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பாலம் பெண்ணைத் திருப்பி அனுப்பியதும் அவள் முதலில் நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். ஆனால் பெண் அடுத்த நாளும் பையோடு திரும்பி வந்து, சாப்பிடாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைக் கண்டபோது, அந்தப் பெருமூச்சில் பாதியைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில், மகள் மறுபடி பையை எடுத்தபோது, மயிலாத்தாள் ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

"ஆறு கடல்ல சேர்ற எடந்தான கண்ணு அது? அங்க உங்கப்பனுக்கு எள்ளுந் தண்ணியும் எறச்சுப்போட்டு வா. காரணமும் ஆச்சு, புண்ணியமும் ஆச்சு. எந்தப் பாலம் உன்னயத் தடுக்கும்?"

நல்ல யோசனை. அதில் தாயின் அன்பு இருந்தது, செலவும் இல்லை, பாலமும் விட்டிருக்கும். கோகிலவாணி பையைக் கீழே வைத்தாள்.

"அப்பாவக் காட்டி நான் பஸ் ஏற மாட்டம்மா" என்றாள். "அழுவோணும்னா இங்கயே அழுவறேன், அதுக்குக் கடல் வேண்டியதில்ல. கடலுக்கு நான் கடலப் பாக்கத்தான் போவேன்."

"சும்மா போனா விடாதுடி."

"அப்பா சும்மாவா போனாரு? லோடு ஏத்தீட்டுப் போனாரு. இதே வாசல்ல நின்னு, போயிட்டு வர்றேன்னு ஒழுங்காச் சொல்லீட்டுத்தான் போனாரு. வந்தாரா?"

மயிலாத்தாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"அப்பறம் அந்த வார்த்தைய நான் எதுக்கும்மா சொல்லோணும்? நான் போறேன்."

இந்த இடத்தில் கதையை நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நொச்சிவலசில் யாரும் போகிறேன் என்று சொல்லமாட்டார்கள். தமிழ் பேசுகிற வேறு எந்த ஊரிலும்தான் சொல்லமாட்டார்கள், ஆனால் நொச்சிவலசில் அது இன்னும் கெட்டி. கடைத்தெருவுக்குப் போனாலும் போயிட்டு வர்றேன், கொல்லைப்பக்கம் போனாலும் வந்துர்றேன். போகிறவனைப் பார்த்துப் போ என்று சொல்வது நாயை விரட்டுகிறபோது மட்டும். போயிட்டான் என்பது மூச்சு நின்றவனைப் பற்றி மட்டும். பச்சைப் பிள்ளை தெரியாமல் சொன்னால்கூட வாயில் ஒரு தட்டு விழும். ஆகவே கோகிலவாணியின் சொல் வாசலில் விழுந்தபோது, பக்கத்து வீட்டில் மாவு சலித்துக்கொண்டிருந்தவள் சலிப்பதை நிறுத்தினாள், எதிர்வீட்டில் ரேடியோவைக் குறைத்தார்கள். சொன்னவளுக்கே கோபத்தில் வாய் தவறி வந்த சொல்தான் அது. ஆனால் வந்த சொல்லை அவள் திரும்ப எடுக்கவில்லை. எடுத்தது பையை.

பஸ்ஸில் சேமலை படியை மறித்து நின்றார்.

"எதுக்கு அம்மிணி?"

"சும்மாதானுங்க."

"எறங்கிக்க சாமி. ஒருத்திக்காக இத்தன பேரு காத்துக் கெடக்க முடியுமா?"

கோகிலவாணி அவர் கைக்குக் கீழே குனிந்து ஏறி, டிரைவருக்குப் பின்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, டிக்கெட் கொடுங்க என்றாள். புதிய வாய்தா வாங்கிக்கொண்டு அன்றைக்கும் வந்திருந்த பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த டிக்கெட்டுக்கு அரசாங்கம் என்னிடம் காசு கேட்கவில்லை, நீங்கள் காரணம் கேட்கிறீர்கள், சீட்டில் காரணம் போட இடம் இருந்தால் காட்டுங்கள் என்று அவள் சொல்ல, சேமலை கையில் இருந்த சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இடம் இல்லை. அப்படியானால் திரும்பி வந்து இறங்கும்போது உனக்கு இருக்கு என்று முனகிக்கொண்டே கிழித்துக் கொடுத்தார். பஸ் கிளம்பியது. பாலம் வந்ததும் எல்லாரும் வழக்கம்போல அரிசி ஆலையை எதிர்பார்த்துப் பெருமூச்சு விட்டு, ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வேப்பமரம் இருந்தது. அதற்கடுத்து உர விளம்பரம் எழுதிய ஒரு சுவர். அதற்கடுத்து இரண்டு எருமை, ஒரு பம்புசெட், பிறகு அடுத்த ஊரின் பெயர்ப்பலகை.  கடைசியில் பெரியவர்தான், கோர்ட் போய்ச் சேர்ந்தால் சரி என்று பொதுவாகச் சொன்னார்.

நொச்சிவலசில் இதற்கு விளக்கம் பல சொன்னார்கள். அன்றைக்கு அமாவாசை, பாலம் விரதம் இருந்தது என்றார்கள். அந்தப் பெண் மனசுக்குள் அப்பனை நினைத்திருப்பாள் என்றார்கள். சரியான விளக்கம் இலக்கணத்தில் இருக்கிறது, அதனாலேயே யாருக்கும் அது தோன்றவில்லை. போய் வருகிறேன் என்பதில் போய் என்பது எச்சம். முடியாத வினை, எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்கும். வருகிறேன் என்பதுதான் முற்று. கல்யாணத்துக்குப் போய் வருகிறேன் என்கிறபோது அந்தப் போய்க்குப் பிடித்துக்கொள்ள ஒரு கல்யாணம் இருக்கிறது. சும்மா போய் வருகிறேன் என்கிறபோது பிடிக்க ஒன்றும் இல்லாமல் அது உதிர்ந்துவிடுகிறது, மிச்சம் வருகிறேன் மட்டும். பாலம் பாவம், கெட்ட எண்ணம் ஏதும் இல்லாமல், அவர்கள் வாயாலோ நெஞ்சாலோ சொன்னதை அப்படியே செய்துகொண்டிருந்தது: வருகிறேன் என்றவர்களை வரவைத்தது. போகிறேன் என்று முற்றாகச் சொன்ன ஒருத்தியை, முற்றாகப் போகவிட்டது.

முற்றாக என்பதுதான் ஊருக்கு உறுத்தியது. வருகிறேன் என்ற சொல்லை வாசலில் வைத்துவிட்டுப் போகாதவளை எது திருப்பிக் கொண்டுவரும்? அன்று மதியமே பெண்கள் மயிலாத்தாள் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, தலைமுடியைக் கொஞ்சம் கலைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். துக்கம் கேட்பதா வேண்டாமா என்பது தெளிவாகாததால் பாதித் துக்கம் கேட்டார்கள். நல்ல புள்ளைதான் என்று தொடங்கி, இருந்தாளா இருக்கிறாளா என்கிற இடத்தில் வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்கள். ஒருத்தி சாவு வீட்டுக்கு வைப்பதுபோல சர்க்கரை போடாத காப்பி வைத்துக்கொண்டு வந்தாள், பிறகு யோசித்து, தனியாக ஒரு பொட்டலத்தில் சர்க்கரையும் கொண்டுவந்திருந்ததை வெளியே எடுத்தாள். மயிலாத்தாள் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கிக் குடித்தாள். குளித்தலையிலிருந்து போன் வந்தது. பஸ் ஸ்டாண்டில் புளிச்சோறு தின்கிறேன் என்றாள் மகள். வந்திருந்த பெண்களுக்குத் திருப்தியில்லை. குரல் வருவது ஒன்றுக்கும் அத்தாட்சியல்ல, போனவர்கள் குரல் கனவில்கூட வரும் என்றார்கள். திருவையாற்றிலிருந்து போட்டோ வந்தது, கும்பகோணத்திலிருந்து டபரா செட்டின் போட்டோ வந்தது. அவற்றையும் அவர்கள் உதட்டைப் பிதுக்கியபடி கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள், ஆனால் ஒவ்வொருத்தியும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் வைத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் மறுபடி போன் வந்தபோது மயிலாத்தாள் தனியாக இருந்தாள். போனில் முதலில் மகளின் குரல் இல்லை. பெரிய அண்டாவில் அரிசி களைவது போல, களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி களைவது போல ஒரு சத்தம் கேட்டது. சத்துணவுக் கூடத்துக்காரி என்பதால் அவளுக்கு அப்படித்தான் கேட்டது.

"வந்துட்டியா கண்ணு?"

"வந்துட்டம்மா. துண்டு விரிச்சுப் படுத்திருக்கேன்."

மயிலாத்தாள் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்கத்தான் வாயெடுத்தாள், ஆனால் வேறொன்று வந்தது.

"அது எப்படி இருக்குது?"

"போயிட்டுப் போயிட்டு வருதும்மா."

"எதுக்காமா?"

 அரிசி களைகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பார்த்துவிட்டுச் சொல்கிறாளோ என்று மயிலாத்தாள் காத்திருந்தாள்.

"சும்மாத்தாம்மா" என்றாள் மகள்.

மயிலாத்தாள் போனைக் காதில் வைத்துக்கொண்டே, இருட்டும்வரை, விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் சத்துணவுக் கூடத்தில் அரிசி களைந்தபோது தேவைக்கு மேல் இரண்டு தண்ணீர் களைந்தாள் என்று கூட வேலை செய்த ஆயா பிறகு சொன்னாள்.

கோகிலவாணி திரும்பி வருவதாகச் சொன்ன சனிக்கிழமை, ஊர் திரண்டு அரிசி ஆலைக்கு எதிரே நின்றது. சென்னியப்பனின் கடையில் பால் தீர்ந்து, பவுடர் பால் கரைத்தார்கள். சும்மா கிளம்பினவர்கள் எல்லாரும் மேற்கிலிருந்து வந்தே பார்த்துப் பழகிவிட்ட ஊருக்கு, வேறு திசை நினைவுக்கு வரவில்லை. தரகர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். இந்தப் பெண் வந்தால் சந்தை விழுமா, வராவிட்டால் விழுமா என்று அவர்களுக்குள் பேச்சு நடந்துகொண்டிருந்தது. போறேன்னு சொன்னவ எப்படீங்க வருவா, வந்தா அது வார்த்தைக்குத்தான் அவமானம் என்று ஒருவர் சொல்ல, கோழிகளும் அதை ஒப்புக்கொண்டதுபோல நடுரோட்டில் நின்றன.

மயிலாத்தாள் அங்கே இல்லை. அவள் வாய்க்கால் பாலத்தில், கிழக்கே பார்த்து நின்றாள். ஒரு நல்ல சேலை உடுத்தியிருந்தாள், கையில் ஒரு கட்டைப் பை. வழியில் பார்த்து ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்ட ஒருவரிடம், போனவ போன வழியிலதான வருவா என்று மட்டும் சொன்னாள்.

பஸ் வேப்பமரத்தைக் கடந்து வந்தது. ஜன்னலில் மகளின் தலை தெரிந்தது. மூக்கும் நெற்றியும் வெயிலில் கறுத்து, முடி உப்புக்காற்றில் சிக்குப் பிடித்துக் கிடந்தது. மயிலாத்தாள் பாலத்தின் நடுவில் கை காட்டி நிறுத்தி ஏறினாள். மகள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.  மயிலாத்தாள் மகளின் முழங்கையில் ஒட்டியிருந்த மணலை விரலால் தொட்டு, அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். அரிசி ஆலைப் பக்கம் நின்ற கூட்டத்துக்குச் சேதி போய், அது திரும்பி, கிழக்கே ஓடி வருவதற்குள் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டது.

கோகிலவாணி பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இறங்கித் திரும்பிப் பார்த்தால், அம்மா சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கும்மா. பஸ் திரும்பப் போவுது."

"தெரியுது" என்றாள் மயிலாத்தாள். கட்டைப் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அதிலிருந்து புளிச்சோறு மணத்தது.

சேமலை அவள் பக்கத்தில் வந்து, பையைப் பார்த்தார், வெளியே மூச்சிரைக்க வந்து நிற்கிற ஊரைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் வாய் தானாகக் கேட்டது.

"எதுக்குங்க அக்கா?"

 மயிலாத்தாள் ஜன்னல் வழியாக மகளைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, பிள்ளைகளைப் பந்திக்குக் கூப்பிடுகிற தன் பெரிய குரலில் சொன்னாள்.

"சும்மாத்தான். நான் போறேன்."

கூட்டத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சேமலை சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினார். கோகிலவாணி பஸ்ஸோடு கூடவே நாலு எட்டு நடந்து, பையிலிருந்து தையல் கோணிய நீலத் துண்டை உருவி, மணல் உதிர உதிர ஜன்னல் வழியாக அம்மாவின் மடியில் போட்டாள்.

"போ" என்றாள்.